நாலடிக்கு மூன்றடி முகம்

பத்துப் பன்னிரண்டு வருடம் இருக்கும். தை மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கச்சிராயபாளையத்தைத் தாண்டி, கோமுகி அணையை ஓரக்கண்ணால் பார்த்தபடியே கல்வராயன் மலைக்கு ஏறுகிற பாதையில் அது நடந்தது. காரில் நானும் என் மனைவியும் மட்டும்தான். பின் சீட்டில் சீர்வரிசைத் தட்டுகள் இருந்தன.

எனக்குச் சங்கராபுரத்தில் ஒரு சின்ன போட்டோ ஸ்டூடியோ. பேருக்குத்தான் ஸ்டூடியோ, பிழைப்பு ஓடுவது பிளெக்ஸ் பேனரில். கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, கண்ணீர் அஞ்சலி என்று எதுவானாலும் முகங்களை அடுக்கி, கம்ப்யூட்டரில் வடிவமைத்து, கள்ளக்குறிச்சியில் அச்சடித்து வாங்கிக் கொடுப்பேன். யார் முகம் எவ்வளவு பெரிதாக வர வேண்டும் என்று என் கடை ஸ்டூலில் உட்கார்ந்து முட்டிக்கொண்ட அண்ணன் தம்பிகள் எத்தனையோ பேரைச் சமாதானப்படுத்தி அனுப்பியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான் என் வீட்டு விஷயத்தில் கோட்டை விட்டேன்.

எங்கள் அப்பாவின் முதலாம் ஆண்டு நினைவு நாளுக்கு நானே ஒரு பேனர் போட்டேன். அடியில் குடும்பத்தார் பெயர்கள். அதில் என் தங்கை வீட்டுக்காரர் பெயர் விட்டுப் போயிற்று. தங்கை அந்த வரிசையை இரண்டு முறை படித்துவிட்டு என்னிடம் வந்து கேட்டாள். மறந்துவிட்டேன் என்று சொல்லியிருந்தால் அதோடு போயிருக்கும். சுற்றி நாலு பேர் நிற்கிறார்களே என்ற வீம்பில், "எடம் பத்தலம்மா" என்றேன். அதே பேனரில் நான் கை கூப்பி நிற்கிற படம் கிட்டத்தட்ட ஆள் உயரத்துக்கு இருந்தது. அவள் அதை ஒரு தடவை பார்த்தாள். சாப்பிடாமலே பஸ் ஏறிப் போய்விட்டாள். அதற்குப் பிறகு நாலு வருடம் எங்களுக்குள் பேச்சுவார்த்தை இல்லை.

அவளேதான் அந்த மார்கழியில் பத்திரிகையோடு என் கடைக்கு வந்தாள். அவளுடைய பெண்ணுக்குக் காது குத்துகிறார்கள். கரியாலூர் தாண்டி, மலைமேல் ஓர் ஓடைக்கரையில் இருக்கிற மாப்பிள்ளையின் குலதெய்வக் கோயிலில் வைத்திருந்தார்கள். எங்கள் பக்கத்தில் தாய்மாமன் மடியில் உட்கார வைத்துத்தான் குழந்தைக்குக் காது குத்துவது வழக்கம். ஸ்டூலில்கூட உட்காராமல் நின்றபடியே சொன்னாள்: "நீ வந்து மடி குடுண்ணா. வேற ஒண்ணும் வாணாம்." பன்னிரண்டு மணிக்குள் குத்திவிட வேண்டும், ஆசாரிக்கு மலையடியில் இன்னொரு காதுகுத்து இருக்கிறது என்றும் சொன்னாள். நான் வராவிட்டால் அவளுக்கு அண்ணன் முறையாகிற ஒருவரை மாப்பிள்ளை வீட்டார் பேசி வைத்திருக்கிறார்கள் என்பதைப் படியிறங்கும்போது சொன்னாள்.

அவள் கேட்டது என் மடியை. நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒரு பேனர் போட்டேன்.

'தாய்மாமன் வருகிறார்' என்று மேலே கொட்டை எழுத்து. நாலடி அகலம், மூன்றடி உயரம். அதில் முக்கால்வாசி கூலிங் கிளாஸ் மாட்டிய என் முகம். மருமகள் ஓர் ஓரத்தில் ரோஜாப்பூவுக்குள் சிரித்தாள். இந்தத் தடவை மாப்பிள்ளையை மறக்கவில்லை, அவரைப் பூவுக்குக் கீழே சின்னதாக வைத்தேன். தங்கை மட்டும் இல்லை. பேனரைப் பார்த்த என் மனைவி, "உங்க தங்கச்சி எங்க இதுல?" என்று கேட்டாள். "அவ எந்த போட்டோல கண்ணத் தொறந்துகினு இருக்கா?" என்று சொல்லிச் சமாளித்தேன். அதுவும் பொய்யில்லை. நான் காமிரா பிடிக்கக் கற்றுக்கொண்டபோது முதலில் எடுத்தது அவளைத்தான். சரியாக நான் அமுக்கிய நொடியில் கண்ணை மூடிக்கொண்டாள். அன்றையிலிருந்து அப்படித்தான்.

கார் வாங்கி மூன்று மாதம்தான் ஆகியிருந்தது. வேறொருவர் ஓட்டித் தேய்த்த பழைய கார். லைசென்ஸ் எடுத்து நாலு மாதம். சங்கராபுரத்துக்கும் கள்ளக்குறிச்சிக்கும் நடுவில் ஓட்டியதோடு சரி, மலை ஏறியதில்லை. பெரிய ரோட்டில் காற்றுக்குக் கிழிந்துவிடும் என்று பேனரைச் சுருட்டி உள்ளேயே வைத்திருந்தேன். கச்சிராயபாளையத்தில் டீ குடிக்க நிறுத்தியபோது அதை எடுத்துக் காரின் முகப்பில் கட்டினேன். பானெட்டைத் திறக்க இடைஞ்சல் இல்லாமல், முன்பக்கத்துக் கம்பிச் சட்டத்திலேயே நாலு மூலையையும் இழுத்து இறுக்கினேன். ஒரு சுருக்கம்கூட இல்லை. தொழில்காரன் கட்டு அது. டீக்கடையில் இருந்தவர்கள் பேனரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்கள், எனக்கு உள்ளுக்குள் குளிர்ந்தது.

மலைப்பாதை தொடங்கியதும் பனி சூழ்ந்துகொண்டது. வெளியே அத்தனை குளிர் இருந்தும் கண்ணாடியை ஏற்றி ஏசி போட்டிருந்தேன். கார் வைத்திருப்பவன் என்று வேறு எப்படித்தான் தெரிவது? இரண்டாவது கியரில் வண்டி முனகிக்கொண்டே ஏறியது. வளைவுக்கு வளைவு மரங்கள் பனிக்குள்ளிருந்து வந்து எங்களைப் பார்த்துவிட்டுத் திரும்பவும் பனிக்குள் போயின. தூக்கத்துக்கும் விழிப்புக்கும் நடுவில் ஓட்டுவது போல இருந்தது எனக்கு. ஏசி காற்று வெதுவெதுப்பாக வருகிறதே என்று மனைவி சொன்னாள். "மலைல அப்டித்தான் இருக்கும்" என்றேன், தினமும் மலை ஏறுகிறவனைப் போல.

முன்னால் மீட்டர் பலகையில் ஒரு முள் சிவப்புக் கோட்டைத் தொட்டுக்கொண்டிருந்தது. அதைப் பெட்ரோல் முள் என்று நினைத்து, டேங்க் நிறைந்திருக்கிறது என்று சந்தோஷப்பட்டேன். அது என்ஜின் சூட்டைக் காட்டுகிற முள். சத்தியமாகச் சொல்கிறேன், அன்றைக்கு எனக்குக் காரைப் பற்றித் தெரிந்தது அவ்வளவுதான். அடுத்த வளைவில் வெல்லப்பாகு கருகுகிற மாதிரி ஒரு வாசனை வந்தது. அதன்பின் பானெட் இடுக்கிலிருந்து வெள்ளையாகப் புகை. முதலில் அதையும் பனி என்றுதான் நினைத்தேன்.

ஓரமாக நிறுத்தி இறங்கிப் பார்த்தேன். பேனரில் நான் சிரித்துக்கொண்டிருந்தேன், என் தலைக்கு மேல் புகை போய்க்கொண்டிருந்தது. பானெட்டைத் திறக்கிற கொக்கி எங்கே இருக்கிறது என்று தேடிக் கண்டுபிடிக்கவே ஐந்து நிமிடம் ஆயிற்று. திறந்தால், உள்ளே குழாய்களும் ஒயர்களும். எது எதற்கு என்று ஒன்றும் விளங்கவில்லை. முன்பக்கத்தில் ஒரு விசிறி மட்டும் என்ஜினை அணைத்த பிறகும் கர்ரென்று சுற்றிக்கொண்டிருந்தது. அதுதான் கெட்டுப்போய்விட்டது என்று முடிவு கட்டினேன். நல்லபடியாக வேலை செய்துகொண்டிருந்த பொருள் அது ஒன்றுதான் என்பது பிற்பாடு தெரிந்தது.

டிரைவிங் பள்ளிக்காரருக்குப் போன் போடப் பார்த்தேன். சிக்னல் இல்லை. தண்ணீர்தான் தீர்ந்திருக்கும் என்று ரேடியேட்டர் மூடியைத் துண்டால் பிடித்தேன். மனைவி என் கையைத் தட்டிவிட்டாள்.

"குக்கர்ல ஆவி எறங்காம மூடியத் தொறப்பாங்களா?" என்றாள். "கம்முனு இருங்க. அது ஆறட்டும்."

இருபது வருடமாகக் குக்கர் வைக்கிறவளுக்குத் தெரிந்தது எனக்குத் தெரியவில்லை. அன்றைக்கு என் முகம் முழுசாக இருந்ததற்கு அவள்தான் காரணம்.

காத்திருந்தோம். மணி ஒன்பதரை. வண்டி ஆற ஆற உள்ளே டிக், டிக்கென்று சத்தம் வந்தது. அதைத் தவிர மலையில் ஒரு சத்தமும் இல்லை. எங்கோ கீழே தண்ணீர் ஓடுவது மட்டும் விட்டு விட்டுக் கேட்டது. பனி விலகும்போது கீழே அணைத் தண்ணீர் ஒரு கண்ணாடித் துண்டு போலத் தெரியும், உடனே மறைந்துவிடும். பன்னிரண்டு மணிக்குள் நான் போகாவிட்டால் தங்கை என்ன நினைப்பாள் என்று யோசித்தேன். வண்டி கொதித்தது என்றா நினைப்பாள்? வேண்டுமென்றே வரவில்லை என்றுதான் நினைப்பாள். அவளுடைய பெண் வேறொருவர் மடியில் உட்கார்ந்துவிட்டால், நான் பிறகு எத்தனை சொன்னாலும் அது சாக்குப்போக்காகத்தான் இருக்கும்.

முக்கால் மணி நேரம் கழித்து, கையிலிருந்த இரண்டு பாட்டில் குடிதண்ணீரையும் ரேடியேட்டரை ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தண்ணீர் டப்பாவில் ஊற்றினேன். வண்டி கிளம்பிற்று. சாதித்துவிட்ட நினைப்பில் மனைவியைப் பார்த்துத் தலையை ஆட்டினேன். நாலு வளைவு தாண்டவில்லை, முள் மறுபடி சிவப்புக்குப் போயிற்று. அதே கருகல் வாசனை, அதே புகை. இப்போது குடிக்கக்கூடத் தண்ணீர் இல்லை.

வண்டி நின்ற இடத்தில் ரோட்டோரப் பாறை மேல் ஒரு பெண் கடுக்காய் காய வைத்துக்கொண்டிருந்தாள். முப்பது வயதுக்குள்தான் இருக்கும். முதுகில் ஒரு குழந்தையைச் சேலையால் கட்டியிருந்தாள். காய்களைக் கையால் பரப்பிவிட்டு, நிதானமாக எழுந்து வந்து காரைப் பார்த்தாள். பேனரைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். சிரிக்கவில்லை.

"இன்னாங்க, வண்டி சுடுதா?"

ஆமாம் என்றேன். தண்ணீர் ஊற்றியும் நிற்கவில்லை என்று ஒரு மெக்கானிக் தோரணையில் விளக்கினேன். அவள் கையை என்ஜின் பக்கம் நீட்டி அனல் பார்த்தாள். பிறகு பேனரின் மேல் விரலால் ஒரு தட்டு தட்டினாள். டப்பென்று சத்தம் வந்தது.

"சுடுதுன்றீங்க, போத்தி வெச்சிருக்கீங்களே" என்றாள். "நேத்து எம் புள்ளைக்கும் இப்டித்தான் காய்ச்சல். கம்பளிய எடுத்துட்டுக் காத்தாட வெச்சேன், எறங்கிடுச்சு."

மனைவி மெதுவாகக் கேட்டாள்: "கச்சிராயபாளையம் வரைக்கும் வண்டி நல்லாத்தான வந்துச்சு?" நன்றாகத்தான் வந்தது. நாற்பது கிலோமீட்டர் ஒரு முனகலும் இல்லாமல் வந்த வண்டி, டீக்கடையில் நான் என் முகத்தைக் கட்டிய பிறகுதான் கொதித்தது. முன்னால் இருந்த கம்பிச் சட்டம் அழகுக்கு இல்லை, அது வழியாகத்தான் ரேடியேட்டருக்குக் காற்றுப் போகிறது. ஒரு சுருக்கம்கூட இல்லாமல் இழுத்துக் கட்டினேன் இல்லையா, காற்றும் ஒரு துளிகூட உள்ளே போகவில்லை. விசிறி பாவம், முன்னால் என் முகத்தை வைத்துக்கொண்டு எதை இழுக்கும்?

முடிச்சை அவிழ்க்க வரவில்லை. தொழில்காரன் கட்டு. அந்தப் பெண் தன் இடுப்பில் செருகியிருந்த கத்தியைக் கொடுத்தாள், நாலு கயிற்றையும் அறுத்தேன்.

தண்ணீர் வேண்டுமே. கீழே நூறடியில் ஊற்று இருக்கிறது என்றாள். ஆனால் அவளிடம் கூடை தவிர வேறு பாத்திரம் இல்லை, குடம் வீட்டில் இருந்தது. எங்களிடம் இரண்டு சின்ன பாட்டில். அவள் கீழே கிடந்த பேனரைக் காலால் தள்ளிப் பார்த்தாள். "இதுல மொண்டுகினு வரலாமே" என்றாள். முதுகுக் குழந்தையை அவிழ்த்து என் மனைவி கையில் கொடுத்துவிட்டு, முன்னால் இறங்கி நடந்தாள்.

ஊற்று ஒரு பாறைக் குழிக்குள் சத்தமில்லாமல் கசிந்துகொண்டிருந்தது. பனி அப்போதுதான் விலகி, மரங்களுக்கு இடையில் வெயில் துண்டு துண்டாக விழுந்தது. பேனரின் நாலு மூலையை ஆளுக்கு இரண்டாகப் பிடித்து, நடுவில் குழிவிட்டுத் தண்ணீர் மொண்டோம். என் முகம் தண்ணீருக்கு அடியில் போயிற்று. கண்ணாடி நெளிந்தது, மூக்கு அகலமாகி இரண்டாகப் பிரிந்து மறுபடி சேர்ந்தது. ஒரு காய்ந்த இலை மிதந்து வந்து நெற்றியில் நின்றது. நான் நடக்காமல் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டேன். எத்தனை நேரம் என்று தெரியவில்லை. அங்கே, அந்தக் குளிர்ந்த தண்ணீருக்குள், யாரோ ஒருவர் யாரிடமோ வீம்பு பிடித்துக்கொண்டு சிரிப்பதைப் போல இருந்தது. அவர் யாரென்று எனக்குத் தெரியாதது போலவும் இருந்தது.

"நடங்க, ஒழுவுது" என்றாள் அவள்.

மேடு ஏறும்போது தண்ணீர் தளும்பி என் பட்டு வேட்டியின் முன்பக்கம் முழுக்க நனைந்துவிட்டது. பேனரின் முனைகளை ரோட்டோரக் கற்களில் செருகி, தண்ணீரைத் தொட்டி போல நிறுத்தி வைத்தோம். வண்டி ஆறுகிற வரைக்கும் இந்தத் தடவை நானே பொறுமையாக நின்றேன். மூடியில் வெறும் கை வைக்க முடிந்த பிறகுதான் திறந்தேன். மனைவி கைக்குட்டையை வைத்து வடிகட்ட, பாட்டில் பாட்டிலாக மொண்டு ஊற்றினேன். ரேடியேட்டர் குடித்துக்கொண்டே இருந்தது. வண்டியைக் கிளப்பி அங்கேயே ஓடவிட்டு முள்ளைப் பார்த்தேன். அது பாதிக்கு ஏறி, அங்கேயே நின்றுகொண்டது. அந்த முள் நின்றதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கியது என்றால் சிரிப்பீர்கள். கலங்கியது.

அவளுக்கு என்ன கொடுப்பது என்று தெரியவில்லை. தட்டிலிருந்து பழமும் வெல்லமும் எடுத்துக் கொடுத்தேன். வாங்கிக்கொண்டாள். பிறகு கீழே கிடந்ததைக் காட்டி, "இது ஒங்களுக்கு வேணுமா? கடுக்கா காய வெக்க ஆவும்" என்று கேட்டாள்.

வேண்டாம் என்றேன். அதைச் சொல்ல எனக்கு ஒரு நொடிகூட ஆகவில்லை.

ஏசியை அணைத்து, கண்ணாடிகளை இறக்கி, இருபதுக்கு மேல் போகாமல் ஏறினேன். மலைக் காற்று முதல் தடவையாகக் காருக்குள் வந்தது. ஈர மண்ணும் புல்லும் கலந்த வாசனை. மனைவி பின் சீட்டில் சரிந்திருந்த தட்டுகளை எட்டி நேராக்கி வைத்தாள்.

கோயிலை அடைந்தபோது மணி பதினொன்று நாற்பது. கூட்டம் எழுந்து நின்றுகொண்டிருந்தது. ஆசாரி பையைக் கட்டி வைத்திருந்தார். மாப்பிள்ளை வீட்டார் பேசி வைத்த மாமன் முறைக்காரர் மாலையோடு பலகையில் உட்கார்ந்திருந்தார். ஆனால் குழந்தை அவர் மடியில் இல்லை. என் தங்கை அதைத் தன் மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு ரோட்டைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். ஒரு மணி நேரமாக யார் கேட்டும் கொடுக்கவில்லையாம். "எங்கண்ணன் வரும்" என்றே சொல்லிக்கொண்டிருந்தாளாம். இதை மாப்பிள்ளைதான் பிறகு எனக்குச் சொன்னார்.

என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தாள். சட்டையெல்லாம் கரி, கையெல்லாம் எண்ணெய், நனைந்து தொங்குகிற வேட்டி. வாழ்க்கையில் அவ்வளவு அலங்கோலமாக நான் எந்த விசேஷத்துக்கும் போனதில்லை.

"இன்னாண்ணா இது, மடியெல்லாம் ஈரமா கீது" என்றாள். என் தோளில் கிடந்த துண்டை எடுத்து, என்னைப் பலகையில் உட்கார வைத்து, என் மடியில் இரண்டாக மடித்து விரித்தாள். அதன்மேல் குழந்தையை வைத்தாள். குழந்தை என் கரிக்கையைப் பார்த்து அழ ஆரம்பித்தது. ஆசாரி ஊசியை எடுத்ததும் அது இன்னும் பெரிதாக அழுதது. கூடவே நானும் அழுதேன், புகை கண்ணில் பட்டது போலக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

சாப்பாட்டுக்குப் பிறகு ஓடைக்கரையில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். பேனர் போட்டதை, அதில் அவள் இல்லாததை, அது போன இடத்தை. பிறகு, நாலு வருடமாகச் சொல்லாமல் வைத்திருந்ததையும் சொன்னேன்: "அப்பா பேனர்ல எடம் இருந்துச்சும்மா. மாப்ள பேர நான்தான் மறந்துட்டேன்."

"தெரியும்ணா" என்றாள். அவ்வளவுதான். தண்ணீரில் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். அந்தப் பேனர் மட்டும் கோயில் வாசல் வரைக்கும் வந்து சேர்ந்திருந்தால், அவள் அதைப் பார்த்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இப்போதும் நினைத்துப் பார்க்கிறேன். வண்டி கொதித்தது நல்லதாகப் போயிற்று.

அடுத்த வருடம் அதே பாதையில் தங்கை வீட்டாரோடு போனேன். அந்தப் பாறை மேல் பேனர் விரிந்து கிடந்தது. கடுக்காய் காய வைத்த அந்தப் பெண்ணைக் காணவில்லை. வெயிலில் சாயம் போய், கூலிங் கிளாஸ் இருந்த இடம் வெளிறி, மேலே கடுக்காய் பரவியிருந்தது. நான் நிறுத்தவில்லை. தங்கைதான் பின்னால் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டு வந்தாள். "பாத்தா உன்ன மாதிரியே இல்லண்ணா" என்று சொல்லிச் சிரித்தாள். எனக்கும் அதுதான் பட்டது.

இன்றைக்கும் என் கடைக்கு வந்து முகத்தை இன்னும் கொஞ்சம் பெரிதாக்கச் சொல்கிறவர்கள் உண்டு. பெரிதாக்கித்தான் கொடுக்கிறேன், சோறு போடுகிற தொழில். ஆனால், "இத எங்க கட்டப் போறீங்க?" என்று மட்டும் ஒவ்வொருவரிடமும் கேட்டுவிடுகிறேன், ஏனென்றால், எனக்கும் என் தங்கைக்கும் நடுவில் நாலு வருடமாகக் காற்றுப் போகவிடாமல் இழுத்துக் கட்டியிருந்ததும் அதே முகத்தைத்தான் என்று அந்த மலைதான் எனக்குக் காட்டிற்று.